பழைய சிறு நகரங்களின் அழகு எதில் இருக்கிறது, எதைக் காத்தால் அது நிற்கும்?

கேள்வி கேட்பவர்: வாசற்படி (புனைபெயர்)

அனைவருக்கும் வணக்கம். பழைய சிறு நகரங்களின் கட்டடங்களைப் பல ஆண்டுகளாக ஆசையோடு பார்த்து வருகிறேன். நான் கட்டடத் தொழிலில் பயின்றவன் அல்லன். போகிற இடத்தில் ஒரு தெருவைத் தேர்ந்துகொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நடந்து, பிறகு அதே தெருவில் எதிர்ப்பக்கமாகத் திரும்பி வருவது என் வழக்கம். அப்படி நடந்தபோது எழுந்த ஒரு குழப்பத்தை இங்கே வைக்கிறேன்.

செக் நாட்டில் டெல்ச் என்ற சிறு நகரம் இருக்கிறது. 1992-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்துக்கொண்ட இடம் அது. அதன் நீண்ட சதுக்கத்தின் ஓரங்களில் குறுகிய வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. தரைத்தளத்தில் வளைவுகள் தாங்கும் நடை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு அறுபடாமல் தொடர்கிறது. மேலே நிமிர்ந்து பார்த்தால் ஒவ்வொரு வீட்டின் முகட்டு முகப்பும் வேறொரு வடிவம். அந்த நடையில் ஒரு தூணின் மேல் கை வைத்தேன். இடுப்புக்குச் சற்று மேலே, மனிதர்கள் சாயக்கூடிய உயரத்தில், கல்லின் கூர்விளிம்பு மழுங்கி வழவழப்பாக இருந்தது. அதற்கு மேலும் கீழும் உளியின் தடம் அப்படியே தெரிந்தது. எத்தனை பேர் சாய்ந்து நின்று பேசியிருந்தால் ஒரு கல் அப்படித் தேயும் என்று நினைத்தபோது அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

பிற்பாடு வேறொரு நாட்டில், அண்மையில் பெருஞ்செலவில் புதுப்பிக்கப்பட்ட ஒரு பழைய நகரத்தைப் பார்த்தேன். பெயர் சொல்ல விரும்பவில்லை, ஏனெனில் செய்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்திருக்கிறார்கள். எல்லா முகப்புகளுக்கும் ஒரே வகைச் சாயம், ஒரே அளவுச் சன்னல்கள், ஒரே வார்ப்பில் விளக்குத் தூண்கள், இயந்திரத்தால் அறுத்த புதிய வாசற்கற்கள். விரிசல் இல்லை, ஓதம் இல்லை, குறை சொல்ல எதுவுமில்லை. ஆயினும் அரைமணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டேன்.

இரண்டாம் இடத்தில் எது தவறிப்போனது? முதல் இடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது கட்டடத்தின் வடிவமா, அதன் பழைய பொருளா, அல்லது அதில் இன்னும் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதா? ஒரு சிறு நகரத்தைக் காக்க முற்படுகிறவர்களிடம் பணமும் ஆட்களும் எப்போதும் குறைவாகவே இருக்கின்றன. அந்நிலையில் முதலில் எதைக் காக்க வேண்டும் என்று இத்துறையில் உழைப்பவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: தெருவளைவு

நல்ல கேள்வி, ஐயா. நான் நகர் அமைப்புத் துறையில் இருப்பவன். ஆகவே தனிக் கட்டடத்தைவிடத் தெருவைப் பற்றியே என்னால் பொறுப்போடு பேச முடியும்.

டெல்ச்சில் தாங்கள் கண்ட ஒற்றுமையை யாரும் ஒரே நாளில் வரைந்து கொடுத்துவிடவில்லை. 16ஆம் நூற்றாண்டில் அந்நகரை ஆண்ட ஜக்கரியாஷ் என்ற பிரபு இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணியில் தம் மாளிகையைத் திருத்திக் கட்டியபோது, நகரத்தாரும் அதைப் பார்த்துத் தத்தம் வீட்டு முகப்பை மாற்றிக்கொண்டனர். மனைகளின் அகலம் பழையபடியே இருந்தது, நடைகளும் தொடர்ந்தன. அந்த அளவுக்குள் நின்றுகொண்டு ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த முகட்டைக் கட்டினார்கள். பிற்காலத்தில் வேறு பாணிகள் வந்தபோதும் இதுவே நடந்தது. எல்லோருக்கும் பொதுவான சில கட்டுப்பாடுகளும், அவற்றுக்குள் ஒவ்வொருவருக்கும் உரிய சுதந்திரமும் சேர்ந்ததன் விளைவே நாம் இன்று அழகு என்று சொல்வது.

அந்தக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை யாரும் சட்டமாக எழுதாதவை. மரத்தின் நீளம் அறையின் அகலத்தைத் தீர்மானித்தது. அருகில் வெட்டக் கிடைத்த கல்லும், அருகில் சுட்ட செங்கல்லும், அந்த மண்ணிலிருந்தே எடுத்த காவியும் நகரம் முழுவதற்கும் ஒரே நிறக் குடும்பத்தைக் கொடுத்தன. வண்டியில் ஏற்றித் தொலைவிலிருந்து கொண்டுவருவது கட்டுப்படியாகாது என்பதால் எல்லோரும் ஒரே கற்சுரங்கத்துக்குப் போனார்கள். இன்று எந்தப் பொருளும் எங்கிருந்தும் வந்துவிடும் என்ற நிலையில், முன்பு தேவை தானாகவே விதித்த எல்லையை நாம் அறிந்து விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தாங்கள் பார்த்த இரண்டாம் நகரத்தைப் புதுப்பித்தவர்கள் அந்த எல்லையை மிகவும் இறுக்கிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. பொதுவாக இருக்க வேண்டியவை மனையின் அகலமும், உயரமும், சுவருக்கும் சன்னலுக்கும் உள்ள விகிதமும், பொருளும்தான். சாயத்தையும் சன்னலின் வடிவத்தையும் ஒன்றாக்கினால் தெரு முழுவதும் ஒரே வீட்டுக்காரருடையது போல் ஆகிவிடும்.

தெருவின் வளைவையும் சொல்ல வேண்டும். வியன்னாவைச் சேர்ந்த கமிலோ சிட்டே என்ற கட்டடக் கலைஞர் 1889-இலேயே பழைய ஐரோப்பியச் சதுக்கங்களை அளந்து ஆராய்ந்து, அவற்றின் கோணல்களும் மூடிய மூலைகளும் மனிதனுக்கு ஓர் அறைக்குள் இருக்கும் அமைதியைத் தருகின்றன என்று எடுத்துக்காட்டினார். வளையும் தெருவில் அடுத்த வீடு முழுவதுமாக நம் பக்கம் திரும்பிக்கொண்டே வரும்; நேர்த்தெருவில் எல்லா வீடுகளும் பக்கவாட்டில் ஒடுங்கிப்போகும். சாலை அகலப்படுத்த வேண்டும் என்று மூலை வீடு ஒன்றை மட்டும் இடித்தாலும் அந்த மூடிய தன்மை போய்விடும். இடிக்கப்பட்ட வீடு சாதாரணமானது, அதற்குக் கலைச்சிறப்பு எதுவும் இல்லை என்று அப்போது வாதிடுவார்கள். ஆனால் தெருவுக்குக் கதவாக இருந்தது அதுதான்.

வடிவமா, பொருளா என்று கேட்டீர்கள். ஜெர்மனியின் ரோத்தன்பர்க் நகரத்தை நினைத்துப் பார்க்கலாம். 1945 மார்ச் 31 அன்று விழுந்த குண்டுகளால் அதன் பழைய பகுதியில் ஏறத்தாழ 40 விழுக்காடு அழிந்தது. போருக்குப் பிறகு பழைய மனைகளின் மேலேயே, பழைய தெருக் கோட்டிலேயே, எளிமைப்படுத்திய முகப்புகளோடு கட்டினார்கள். மதிற்சுவரைப் பழுதுபார்க்க உலகெங்குமிருந்து பணம் அனுப்பியவர்களின் பெயர்கள் அச்சுவரில் பதித்த கற்களில் இருக்கின்றன. நான் அங்கு நடந்தபோது எந்தப் பகுதி எரிந்தது, எந்தப் பகுதி தப்பியது என்று முதல் பார்வையில் பிரித்தறிய முடியவில்லை. நின்று கூர்ந்து பார்த்தபோது தெரிந்தது. கல் போனாலும் மனையின் அளவும் தெருவின் கோடும் நின்றால் நகரத்தின் உருவம் நிற்கும் என்பதற்கு அது சான்று. ஆனால் தாங்கள் கை வைத்த தூணின் மழுங்கல் அப்படித் திரும்பி வராது. அதனால் எரிந்து போனவற்றுக்குச் செய்ததைக் காட்டி, நல்ல நிலையில் நிற்பவற்றை இடித்து அதே வடிவில் கட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது.

பதில் 2: சுண்ணாம்புக் கரணை

தெருவளைவு ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தெருவின் கோடு நிற்பதற்குச் சுவர் நிற்க வேண்டும். பழைய கட்டடங்களில் பழுதுபார்க்கும் வேலையையே முப்பது ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நான் கண்ட வரையில் பழைய நகரங்களுக்குப் புறக்கணிப்பால் நேர்ந்த கேட்டைவிட, தவறான பழுதுபார்ப்பால் நேர்ந்த கேடு அதிகம்.

பழைய சுவர் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. சுட்ட சுண்ணாம்பை நீரிட்டு நீற்றி, மணலோடு குழைத்துச் சுவரில் வைத்தால், அது காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. இது வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி நடப்பதால், தடித்த சுவர்களில் பல ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை சாந்துக்குச் சிறிது நெகிழ்வு இருக்கும். அடித்தளம் நூலளவு அசைந்தால் சுவரும் சேர்ந்து அசைந்துகொள்ளும். மயிரிழை விரிசல்களில் நீர் சென்றால், அதில் கரைந்த சுண்ணாம்பே விரிசலுக்குள் படிந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சுவருக்குள் போன ஈரம் சாந்து வழியாகவும் பூச்சு வழியாகவும் வெளியேறிவிடும்.

ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். புதிய கட்டடத்துக்கு அது நல்ல பொருள். அதில் எனக்குக் காழ்ப்பு எதுவுமில்லை. மென்மையான பழைய செங்கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளைச் சிமெண்டால் அடைத்துப் பூசினால்தான் (பாயிண்டிங்) தொல்லை. சிமெண்டு செங்கல்லைவிடக் கடினமானது, ஈரத்தை விடாதது. வெளியேற வழியில்லாத நீர் செங்கல்லின் முகம் வழியாகவே வெளியேற முயலும். அப்போது அதிலுள்ள உப்பு முகப்புக்கு உள்ளே படிகமாகி, செங்கல்லை ஏடு ஏடாக உரித்துவிடும். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் சிமெண்டுக் கோடுகள் வலைபோலத் துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் செங்கல் குழிந்து போயிருக்கும். சந்தில் இருக்கும் சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் தொழிலில் முதல் பாடம். தேய வேண்டியது சாந்துதான். அதை மறுபடி வைத்துக்கொள்ளலாம், செங்கல்லை வைக்க முடியாது.

என் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு வீட்டின் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. எனக்கு முன்பு வேலை செய்தவர்கள் பழைய காரையை உடைத்தெடுத்துவிட்டு, சிமெண்டுப் பூச்சுப் பூசி, அதன்மேல் நீர்புகாச் சாயமும் அடித்திருந்தார்கள். ஓதம் நிற்கவில்லை; ஆளுயரத்துக்கு ஏறிவிட்டது. நான் பூச்சை விரல் முட்டியால் தட்டினேன். வெற்றுப் பானையைத் தட்டியது போல் ஒலித்தது. உளியை ஓரத்தில் செருகி நெம்பியதும் கதவளவுப் பாளம் அப்படியே கையோடு வந்தது. அதன் பின்புறம் செங்கல் தூள் ஒட்டியிருந்தது. சுவரில் பூவாய்ப் பூத்திருந்த உப்பு விரலில் பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டது. முழுவதையும் அகற்றி, சுவரை ஒரு கோடைக்காலம் முழுவதும் வெறுமனே உலரவிட்டு, பிறகு சுண்ணாம்பு பூசினேன். உண்மையான காரணம் என்னவென்றால், வெளியே பல முறை உயர்த்தப்பட்ட சாலை மட்டம் வீட்டின் உள்தரையைவிட ஒரு சாண் மேலே போயிருந்தது. சுவரோரமாக மண்ணை அகழ்ந்து வடிகால் அமைத்த பிறகே ஓதம் முழுவதும் இறங்கியது.

அழகுக்காகப் பூச்சை உரித்துச் செங்கல்லைக் காட்டும் வழக்கத்தையும் தயவுசெய்து நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பூசுவதற்கென்றே கட்டிய சுவர்களில் முகத்துக்கு வராத செங்கல்லையும் உடைகல்லையும் கலந்து வைத்திருப்பார்கள். பூச்சுதான் அதற்குத் தோல். தோலை உரித்துவிட்டு உள்ளே இருப்பது எவ்வளவு அழகு என்று வியப்பதில் பொருளில்லை.

வில்லியம் மாரிஸ் 1877-இல் பழைய கட்டடங்களைக் காக்க இங்கிலாந்தில் ஒரு சங்கத்தைத் தொடங்கியபோது, புதுப்பிப்பதை விட்டு நாள்தோறும் பேணுவதால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள் என்று வேண்டிக்கொண்டார். ஓடு நகர்ந்தால் அன்றே ஏறிச் சரிசெய்வது, கூரைநீர்க் குழாயில் அடைத்த சருகை மழைக்கு முன்பே எடுப்பது, சன்னல் நிலையின் அடிக்கட்டை மட்டும் உளுத்திருந்தால் அந்த அளவு மட்டும் அறுத்து அதே சாதி மரத்தில் ஒட்டுப் போடுவது ஆகிய இவையே காப்பு. வாசற்படி ஐயா பார்த்த இரண்டாம் நகரத்தில் இந்த வேலையைப் பல பத்தாண்டுகளாக யாரும் செய்யாமல் விட்டுவிட்டு, பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் புதிதாக்கியிருப்பார்கள் என்றே நான் கருதுகிறேன்.

பதில் 3: ஊர்க்குடி

இருவரும் கல்லையும் தெருவையும் பற்றிச் சொல்லிவிட்டார்கள். குடியிருப்பவர்களைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் நான் சில சொல்லலாம்.

தனிக் கட்டடத்தைப் பாதுகாக்கச் சட்டங்கள் முன்பே இருந்தன. ஒரு பகுதி முழுவதையும் காக்கலாம் என்ற எண்ணம் சட்டமாவதற்கு நாளாயிற்று. அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரம் 1931-இல் ஒரு பழைய பகுதியை வரையறுத்து விதி செய்தது. பிரான்சில் பண்பாட்டு அமைச்சராக இருந்த மால்ரோவின் பெயரால் வழங்கும் சட்டம் 1962-இல் வந்தது. சார்லா என்ற சிறு நகரம் அதனால் முதன்முதலில் பயன்பெற்றவற்றுள் ஒன்று. இங்கிலாந்தில் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது ஸ்டாம்ஃபர்ட் என்ற சிறு நகரம். ஜப்பான் 1975-இல் தன் சட்டத்தைத் திருத்தி, மரபுக் கட்டடத் தொகுதிகளுக்கு இடம் கொடுத்தது.

ஜப்பானின் சுமாகோவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அங்கே சட்டத்துக்கு முன்பே மக்கள் வந்துவிட்டார்கள். இன்று டோக்கியோ எனப்படும் எதோ நகரத்தையும் கியோத்தோவையும் மலைவழியாக இணைத்த நகசெந்தோ என்ற பெருவழியில் 69 தங்கல் ஊர்கள் இருந்தன. சுமாகோ அவற்றுள் 42-ஆவது. ரயில் பாதை வேறு பக்கமாகப் போனதும் வழிப்போக்கர் வரத்து நின்று, ஊர் வறுமையில் விழுந்தது. இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணம் இல்லாததால் பழைய மரவீடுகள் அப்படியே நின்றன. 1968-இல் பாதுகாப்புப் பணி தொடங்கியது. 1971-இல் ஊரார் கூடி, வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று தங்களுக்குள் உறுதி செய்துகொண்டார்கள். 1976-இல் அரசு முதன்முதலாக அறிவித்த பாதுகாப்புத் தொகுதிகளில் ஒன்றாகச் சுமாகோ இடம்பெற்றது. முதன்மைத் தெருவில் மின்கம்பிகள் கண்ணில் படாது. பகல் நேரத்தில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை.

விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்ற இரண்டும் கட்டடக்கலையோடு தொடர்பற்றவை போல் தோன்றும். நான் அவற்றையே முதன்மையானவை என்று எண்ணுகிறேன். அழகு பெயர் பெற்றதும் வெளியிலிருந்து பணம் வரும். வீட்டின் விலை ஏறும். வீடு கடையாகும், விடுதியாகும். வியட்நாமின் ஹோய் ஆனும் ஆறு தூர்ந்து வணிகம் தா நாங்குக்குப் போனதால் பிழைத்த துறைமுக நகரம்தான். கஜிமிர்ஸ் க்வியாத்கோவ்ஸ்கி என்ற போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் அதன் அருமையை எடுத்துச் சொல்லிப் பாடுபட்டார். அவர் மறைந்த பிறகு, 1999-இல் அது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இன்று அதன் பழைய தெருக்களில் கடையாக மாறாத வீட்டைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இவ்வூர்களை வறுமை காத்தது. பிறகு வந்த செல்வத்திலிருந்து காப்பதுதான் கடினம்.

இத்தாலியின் சிவிதா தி பஞ்ஞோரேஜோவில் நிலைமை இன்னும் துயரமானது. களிமண்ணின் மேல் அமர்ந்த எரிமலைப் பாறைக் குன்று ஓரங்களில் சரிந்துகொண்டே இருப்பதால் மக்கள் வெளியேறிவிட்டார்கள். ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்கள் கைவிரல்களுக்குச் சற்று மேல். 2013 முதல் நடைபாலத்தில் ஏறி உள்ளே செல்லக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தப் பணம் குன்றைக் காக்க உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் விளக்கு எரியாத சன்னல்களுக்கு நடுவே மாலையில் நடப்பது நெஞ்சை அழுத்தும்.

ஆகவே முதலில் எதைக் காப்பது என்ற கேள்விக்கு என் விடை, குடியிருப்பவர் அங்கேயே இருக்க இயலுவதை என்பதுதான். பழைய சின்னங்களையும் இடங்களையும் காப்பதற்கான பன்னாட்டு அமைப்பான இகோமோஸ் வரலாற்று நகரங்களுக்காக 1987-இல் வெளியிட்ட சாசனமும் நகரப் பாதுகாப்பு முதன்மையாகக் குடிமக்களைச் சார்ந்தது என்றே கூறுகிறது. சுண்ணாம்புக் கரணை ஐயா சொன்ன நாள்தோறும் பேணும் வேலையை, ஓடு நகர்ந்த ஓசை கேட்கும் தொலைவில் படுத்திருப்பவரைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

பதில் 4: மாடச்சன்னல்

ஊர்க்குடி அவர்கள் சொன்னதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் குடியிருப்பவரின் பக்கமிருந்தும் ஒரு சொல். பாதுகாக்கப்பட்ட பகுதி ஒன்றில் பழைய வீட்டில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தவள் நான். அந்த வீட்டை நேசித்தேன், இன்றும் நேசிக்கிறேன். என்றாலும் எங்களை மிகவும் களைப்படையச் செய்தது அனுமதி வாங்கும் நடைமுறைதான்.

மாடியில் ஒரு சன்னலின் அடிக்கட்டை உளுத்துவிட்டது. ஒரு முழம் மரத்தை மாற்ற வேண்டும். விண்ணப்பம் எழுதி, படம் இணைத்து, வரைபடம் கேட்டபோது அதையும் கொடுத்து, பதினொரு மாதம் காத்திருந்தோம். இதற்கிடையில் இரண்டு மழைக்காலங்கள் வந்துபோயின. அனுமதி கையில் கிடைத்தபோது, சன்னலுக்குக் கீழே சுவருக்குள் புதைந்திருந்த உத்திரத்தின் முனையும் உளுத்திருந்தது. விரலால் அழுத்தினால் ஈரக் கேக்கைப்போல உள்ளே போனது. ஒரு தச்சர் இரண்டு நாளில் முடித்திருக்க வேண்டிய வேலை, கூரையை முட்டுக்கொடுத்துத் தாங்கிச் செய்யும் வேலையாகிவிட்டது. அதே தெருவில் யாரையும் கேட்காமல் பிளாஸ்டிக் சன்னல் மாட்டியவருக்கு ஒரு கடிதம் மட்டும் வந்தது. விதியை மதித்தவர் நட்டப்பட்டு, மீறியவர் நலமாக இருக்கும் ஏற்பாடு எந்தத் தெருவையும் காக்காது.

குளிரும் வெப்பமும் இன்னொரு தொல்லை. பழைய சன்னலை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போட வேண்டும் என்று பலர் நினைப்பதில் நியாயம் உண்டு. நாங்கள் பழைய சன்னலை அப்படியே வைத்துக்கொண்டு, அறையின் உட்புறத்தில் மெல்லிய சட்டத்தில் இரண்டாவது கண்ணாடி ஒன்றைப் பொருத்தினோம். காற்றும் ஓசையும் நன்றாகவே குறைந்தன. தெருவிலிருந்து பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது. வேண்டாம் என்றால் நான்கு திருகாணிகளைக் கழற்றி எடுத்துவிடலாம். பழைய கையூதற் கண்ணாடியில் மாலை வெயில் பட்டால் எதிர்ச்சுவரில் நீர் அசைவது போல் ஒளி அசையும். அதை என் பிள்ளைகள் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே தூங்கிப்போவார்கள்.

காக்கும் பொறுப்பில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: உள்ளதை உள்ளபடியே, அதே பொருளால், அதே அளவில் பழுதுபார்ப்பதற்கு அனுமதியே தேவையில்லை என்று ஆக்குங்கள். மாற்றுவதற்கும் இடிப்பதற்கும் மட்டும் கடுமை காட்டுங்கள்.

பதில் 5: தெருவளைவு

மாடச்சன்னல் அம்மா சொன்னது எங்கள் துறையில் உள்ளவர்கள் கூசாமல் ஏற்றுக்கொள்ள வேண்டிய குற்றச்சாட்டு. சில இடங்களில் அதே பொருளால் செய்யும் பழுதுபார்ப்பு விதிவிலக்குப் பெற்றிருக்கிறது; எல்லா இடங்களிலும் அது வர வேண்டும்.

வாசற்படி ஐயாவின் முதல் கேள்விக்கு ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். பிரான்சின் கார்க்கசோன் கோட்டை நகரின் மதில்களை இடித்துவிடலாம் என்று 1849-இல் அரசு முடிவு செய்தபோது, உள்ளூர் மக்கள் எதிர்த்து நின்று தடுத்தார்கள். 1853-இல் வியோலே லெ துக் என்ற கட்டடக் கலைஞர் அதைப் புதுப்பிக்கத் தொடங்கினார். அவருடைய உழைப்பு இல்லாவிட்டால் இன்று அங்கே மண்மேடுதான் இருந்திருக்கும். அதே சமயம், கோபுரங்களின் மேல் அவர் வைத்த கூம்புக் கூரைகளும் பலகைக் கல் ஓடுகளும் வடக்குப் பிரான்சுக்கு உரியவை, தெற்கிலுள்ள அந்த மண்ணுக்கு அயலானவை என்ற குறை தொடர்ந்து சொல்லப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் சில கோபுரங்களுக்குக் கூரையை மாற்றவும் செய்தார்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பு நின்றுவிட வேண்டும் என்று பழைய கட்டடங்களைக் காப்பதற்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் விதித்ததற்குப் பின்னால் இத்தகைய அனுபவங்கள் பல உண்டு. தங்களை அரைமணி நேரத்தில் திருப்பியனுப்பிய நகரத்தில் ஊகம் எவ்வளவு இருந்தது என்று விசாரித்துப் பார்க்கலாம்.

வாசற்படி

அனைவருக்கும் என் உள்ளார்ந்த நன்றி. வடிவம், பொருள், வாழ்க்கை என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டது என் பிழை என்று இப்போது உணர்கிறேன். மாடச்சன்னல் அம்மாவின் வீட்டில் ஒரு முழம் மரத்தில் மூன்றும் சேர்ந்தே இருந்திருக்கின்றன. இன்னும் ஒரே ஒரு கேள்வி, சுண்ணாம்புக் கரணை ஐயாவுக்கு. பயிற்சியில்லாத என் போன்றவர்கள் ஒரு பழைய தெருவின் நலத்தை அறிய எதைப் பார்க்க வேண்டும்?

சுண்ணாம்புக் கரணை

மழை பெய்யும்போது போங்கள், ஐயா. குடை பிடித்துக்கொண்டு தெருவின் நடுவில் நின்று, ஒவ்வொரு வீட்டின் கூரையிலிருந்தும் நீர் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். குழாய் வழியாக இறங்கி வடிகாலில் சேர்ந்தால் நல்லது. சுவரை ஒட்டி வழிந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மழை விட்ட மறுநாள் மறுபடி போய், எந்தச் சுவர் காய்ந்திருக்கிறது, எது இன்னும் கறுத்து நிற்கிறது என்று பாருங்கள். கறுத்து நிற்கும் திட்டுகளில் பெரும்பாலானவை சிமெண்டு பூசிய இடங்களாக இருக்கும். கதவு திறந்திருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். குழாயில் அடைத்த சருகை எடுக்க ஒரு ஏணியும் அரைமணி நேரமும் போதும்.